ஜப்தியும் ஓர் அரபு எழுத்தும்



அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையே சாலையோரத்தில் அமைந்தது பாலவனத்தம் என்னும் எங்கள் ஊர். கரிசல் நிலம், வானத்தை நம்பிய வேளாண்மை. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் விளையும். பெய்யாவிட்டால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எனினும் தமிழுலகில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1901-ஆம் ஆண்டில் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தாராக விளங்கியவர்.

ஆகவே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு மொழி கற்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த பெரியவர் சற்று வருந்தினார். சங்கம் கண்டவருடைய ஊர்ப் பிள்ளை அரபுப் பாடம் கேட்கப் போகிறானே என்பது அவர் மனக்குறை. என் தந்தையார் கேட்டதோ வேறு கேள்வி. "அதைப் படித்தால் நமக்கு என்ன ஆகும், ஐயா?" என்றார். அன்று இருவருக்கும் நான் விடை கூறவில்லை. பின்னர்க் கிடைத்த விடையை இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

நான் வரலாற்று மாணவன். பாண்டியர் காலத்துக் கடல் வாணிகத்தை ஆராய வேண்டுமென்பது என் ஆசை. தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலாளர் அறிந்திருந்த செய்திகளைத் திரட்டி, டாக்டர் முகமது உசைன் நயினார் எழுதிய ஆங்கில நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1942-இல் வெளியிட்டது. அந்நூல் ஒரு நாள் என் கைக்கு வந்தது. பண்டைய அரபு எழுத்தாளர்கள் நமது கீழைக் கடற்கரையை 'மஅபர்' என்று அழைத்தனர் என்பதை அதிற் கண்டேன். பதினான்காம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த இப்னு பதூதாவும் இந்நாட்டை அப்பெயராலேயே குறித்திருக்கிறார். நம் நாட்டுக்குப் பிறர் இட்ட பெயரின் பொருளையேனும் அறிய வேண்டாமா? அந்த எண்ணமே என்னை 1927-இல் தோன்றிய அரபு, பாரசீக, உருதுத் துறையின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதல் நாள் வகுப்பை நான் மறக்க முடியாது. இருபத்தெட்டு எழுத்துகள்தாமே, நம்முடைய இருநூற்று நாற்பத்தேழுக்கு முன் இது எம்மாத்திரம் என்று எண்ணிச் சென்றேன். அந்தச் செருக்கு ஒரு மணி நேரந்தான் நிலைத்தது. எழுத்துகள் வலப்புறமிருந்து இடப்புறமாகச் செல்கின்றன. சொல்லின் முதலில் நிற்கும்போது ஓர் உருவம், இடையில் ஓர் உருவம், இறுதியில் ஓர் உருவம். சில எழுத்துகள் தமக்கு முன் வந்த எழுத்தோடு கைகோத்துக்கொள்ளும். பின் வருவதற்குக் கை கொடுக்க மறுத்துவிடும். இவையெல்லாம் போதாவென்று, குற்றுயிர்களை அவர்கள் வழக்கமாக எழுதுவதே இல்லை. மெய்யை மட்டும் தாளில் வைத்துவிட்டு, உயிரைப் படிப்பவன் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். உயிரும் மெய்யும் சேர்ந்ததே எழுத்து என்று பழகிய தமிழனுக்கு இது பெரிய சோதனை.

ஆனால் அந்தச் சோதனைக்குள்ளேயே அம்மொழியின் அழகும் இருக்கிறது. நாம் பகுதியோடு விகுதியைச் சேர்த்துச் சொல்லை நீட்டுகிறோம். அரபு மொழியிலோ பெரும்பாலும் மூன்று மெய்கள் வேராக நிற்க, அவற்றினிடையே உயிர்கள் மாறிமாறிப் புகுந்து பொருளை மாற்றும். க, த, ப என்னும் மூன்று மெய்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிதாப் என்றால் நூல். காதிப் என்றால் எழுதுபவன். மக்தூப் என்றால் எழுதப்பட்டது. மக்தப் என்றால் எழுதும் இடம். முன்னே வரும் மகரம் இங்கே இடத்தைக் காட்டுகிறது. கடத்தல் என்னும் பொருளுடைய வேரின் முன் அதே மகரம் சேர்ந்தால் மஅபர், கடக்கும் இடம் என்றாகிறது. நம் கடற்கரை அவர்களுக்குக் கடவுத்துறையாக, படகேறி மாறும் துறையாக விளங்கியது. இதனை அறிந்த நாளில், வந்த வேலை முடிந்துவிட்டது என்றே எண்ணினேன். உண்மையில் அன்றுதான் அது தொடங்கியது.

அரபு நெடுங்கணக்கில் 'ளாத்' என்றோர் எழுத்து உண்டு. நாவின் ஓரத்தைக் கடைவாய்ப் பற்களின் பக்கம் ஒற்றி, கனத்த ஒலியாக அதனைப் பிறப்பிக்க வேண்டும் என்பது பழைய இலக்கணம். பிறர் நாவில் எளிதில் வாராத ஒலியாதலால், அரபியர் தம் மொழிக்கே 'ளாத் மொழி' என்று பெயரிட்டுப் பெருமை கொண்டனர். நாம் ழகரத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை முஸ்லிம்கள் நோன்பு மாதத்தை 'ரமழான்' என்று எழுதும்போது, இந்த எழுத்துக்கு நம் ழகரத்தையே இருக்கையாக அளித்திருக்கிறார்கள். சிறப்பெழுத்துக்குச் சிறப்பெழுத்து!

என் நாவோ அதற்கு இணங்கவில்லை. தகரமாகச் சொன்னேன், டகரமாகச் சொன்னேன், லகரமாகவும் சொன்னேன். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு மாணவர், சிறு வயதிலேயே மதரசாவில் ஓதியவர், மாலைதோறும் கடற்கரை மணலில் அமர்ந்து எனக்கு அதைப் பழக்கினார். "அரபு இலக்கணத்தின் முதற் பெருநூலைச் செய்த சீபவைஹி பாரசீகர்தாம். பிறமொழியாளர் அரபு கற்க முடியாது என்று யார் சொன்னது?" என்று அவர் ஊக்குவார்.

ஒரு நாள் ஆசிரியர் அந்த எழுத்து வரும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் படித்தார். ஹாளிர், முன்னிலையில் இருப்பவன். ளாமின், பொறுப்பேற்பவன். ராளி, மனம் நிறைந்தவன். அர்ள், முன்வைத்தல். ளில்உ, விலா எலும்பு. ளப்த், இறுகப் பற்றுதல். இச்சொற்கள் பாரசீக, உருது மொழிகளில் புகுந்தபோது ளாத் ஒலி மெலிந்து ஜகரம் போலாகிவிட்டது என்றும் அவர் விளக்கினார். நான் ஏட்டின் ஓரத்தில் அவ்வாறே மாற்றி எழுதிப் பார்த்தேன். ஆஜர். ஜாமீன். ராஜி. அர்ஜி. ஜில்லா. ஜப்தி. எழுதிய கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது தொடர்ந்து இரண்டாண்டு மழை பொய்த்தது. என் தந்தையார் ஒருவரிடம் கைநாட்டு வைத்துக் கடன் வாங்கினார். பின்னர் மல்லியாகவும் பருத்தியாகவும் பெரும்பகுதியைக் கொடுத்துத் தீர்த்தார். கொடுத்ததற்குச் சீட்டு வாங்கவில்லை. தாவா போடப்பட்டது. குறித்த நாளில் ஆஜராக வேண்டுமென்று ஓலை வந்தது. தந்தையார் அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார், கச்சேரிக்குப் போகவில்லை. அந்தச் சொற்கள் அவர் கேளாதவை அல்ல. கேட்ட மாத்திரத்தில் கைகால் ஓயச் செய்பவை. ஊரார் கூடும் இடத்தில் அஞ்சாமல் பேசும் மனிதர், அந்தச் சொற்களுக்கு முன் வாயடைத்துப் போவார். சில மாதங்கள் கழித்து அமீனா வந்தார், தண்டோரா போட்டார்கள், மூன்று ஏக்கர் புஞ்சை ஜப்தியாயிற்று. அன்று என் தாயார் அடுப்பு மூட்டவில்லை.

எங்கள் வீட்டை நடுங்கவைத்த சொற்கள் ஒவ்வொன்றும் இப்போது கரும்பலகையில் குழந்தைப் பாடமாக நிற்கின்றன! வக்கீல் என்றால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். தாவா என்றால் உரிமை கோருதல். வசூல் என்றால் வந்து சேர்தல். பாக்கி என்றால் எஞ்சியிருப்பது. ரத்து என்றால் திருப்புதல். அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். நபிகள் நாயகத்தை மக்கத்து மக்கள் அவ்வாறே அழைத்தனர். எங்கள் நிலத்தை விழுங்கிய ஜப்தி என்னும் சொல்லுக்கோ, பிசகாமற் காத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. இன்றும் அரபு நாட்டார் 'மிகச் சரி' என்று சொல்வதற்கு அந்தச் சொல்லையே வழங்குகிறார்கள். கணக்குப் பிசகிய ஒரு வழக்குக்கு இப்படி ஒரு பெயரா என்று எண்ணி, எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

உற்சாக மிகுதியால் நான் எழுந்து, "எங்கள் ஊர் ஜமீனும் இந்த எழுத்தைச் சேர்ந்ததுதானே?" என்று கேட்டேன். ஆசிரியர் புன்னகை செய்தார். "இல்லை. ஜமீன் பாரசீகச் சொல். நிலம் என்று பொருள். ஜாமீன்தான் அரபு. ஒரு நெடிலைத் தவறவிட்டால் நிலத்தைப் பிணையாக்கிவிடுவீர்" என்றார். வகுப்பே சிரித்தது. என் தந்தையார் உண்மையில் செய்ததே அதுதான் என்பதை நான் மட்டும் அறிவேன்.

இச்சொற்கள் கரிசற்காட்டுக்கு எவ்வாறு வந்தன? அரபியர் கொண்டுவந்து விதைக்கவில்லை. முகலாயரும் நவாபுகளும் ஆட்சியைப் பாரசீக மொழியில் நடத்தினர். அம்மொழி அரபுச் சொற்களைத் தன் மடியிற் கட்டிக்கொண்டு வந்தது. பின்னர் வந்த கும்பினியார் வரிப்பணத்தோடு அதன் சொற்களையும் எடுத்துக்கொண்டனர். பசலி ஆண்டையே பாருங்கள். பசல் என்றால் அரபு மொழியில் பருவம். பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 நாளே வருவதால், அறுவடையும் ஆண்டும் ஒத்துச் செல்லவில்லை. அதற்காக வரிவசூலுக்கென்று வகுக்கப்பட்டதே பசலி. இன்றும் நம் ஊர் நிலக்கணக்கில் ஜூலை முதல் நாளில் புதுப் பசலி பிறக்கிறது. பசலி எண்ணுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1434 தொடங்கியது 2024-இல்.

அந்த ஆண்டு கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். தந்தையாரிடம் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி அமர்ந்தார். பழுப்பேறிய தாள்களை விரித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்து, அது எந்நாட்டுச் சொல், என்ன பொருள் என்று கூறிக்கொண்டே சென்றேன். ஆஜர் என்றால் முன்னால் நிற்பது, அவ்வளவுதான் என்றேன். "முன்னால் நிற்பதா? அதற்கா நான் போகாமல் இருந்தேன்?" என்று கேட்டார். நெடுநேரம் அவர் பேசவில்லை. அமீனாவின் பொருளைச் சொன்னபோது மட்டும் மெல்ல நகைத்து, "பேர் நல்ல பேர்தான், ஐயா" என்றார்.

போன நிலம் வரவில்லை. வரும் என்று நான் சொல்லவுமில்லை. ஆனால் மறு ஆண்டு ஜமாபந்தியின்போது, என் தந்தையார் தாமே தாலுகாக் கச்சேரிக்குச் சென்று, அதிகாரியின் முன் நின்று, எஞ்சிய நிலத்தின் கணக்கை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு வந்தார் என்று ஊரிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஆஜர் என்னும் சொல்லின் பொருளை என் வகுப்பில் எவரும் அவ்வளவு நன்றாகக் கற்கவில்லை.

என் தமிழாசிரியருக்கும் ஒரு விடை உண்டு. ஜில்லா இன்று மாவட்டமாகிவிட்டது. ஜாமீனுக்குப் பிணை என்றும், வக்கீலுக்கு வழக்கறிஞர் என்றும், ஜமாபந்திக்கு வருவாய்த் தீர்வாயம் என்றும் எழுதுகிறோம். இதனை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். பிணை என்ற சொல்லைக் கேட்டிருந்தால் என் தந்தையார் அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டார். ஆயினும், நம்மிடையே தங்கிவிட்ட அயற்சொல் எது, அது என்ன பொருளோடு வந்தது, நம்மிடம் வந்தபின் என்ன ஆயிற்று என்று அறிவதும் தமிழ்த் தொண்டே என்று அவரிடம் கூறினேன். பெரியவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அந்த எழுத்தை ஒருமுறை சொல்லிக் காட்டு" என்றார்.

சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். எழுபது வயதில், நல்ல தமிழ் நாவில், அந்த ஒலி என்னைக் காட்டிலும் திருத்தமாகவே பிறந்தது. ழகரத்தில் பழகிய நா அன்றோ!