குடிபெயர்ந்தோரும் மனநோயும்

1932 ஆம் ஆண்டிலே ஓடெகார்ட் என்னும் நோர்வே மருத்துவர், அமெரிக்காவின் மினசோட்டாவிற் குடியேறிய நோர்வேயரிடையே மனச்சிதைவு நோய் தாய்நாட்டாரினும் மிகுந்திருக்கக் கண்டார். நோய்க்கூறு உடையோரே ஊரைவிட்டுப் புறப்படுகின்றனர் என்பது அவர் தந்த விளக்கம். பழி வந்தவன் தலையிலேயே விழுந்தது!

பிற்காலத்திலே சுரிநாம் மக்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் ஒல்லாந்திற் குடியேறினர். 2002 இல் ஒல்லாந்த ஆராய்ச்சியாளர், அந்நாட்டார் அனைவருமே வந்துவிட்டதாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தனர். அப்பொழுதும் அவர்களது நோய் வீதம் ஒல்லாந்தரினும் உயர்ந்தே நின்றது. எல்லோரும் வந்தார்களெனின், நோயாளர் மட்டும் புறப்பட்டனர் என்பதெங்ஙனம்? அவ்வாதம் வலுவிழந்தது.

2008 இல் வெளிவந்த ஹேக் நகர ஆய்வு இன்னும் நுணுக்கமானது. தம்மவர் செறிந்த தெருக்களில் வாழ்ந்த குடியேறிகளுக்கும் ஒல்லாந்தருக்கும் வேறுபாடு சிறிதே. அயலாரிடையே தனித்து வாழ்ந்தோரையே நோய் பெரிதும் பற்றியிருந்தது.