சம்பளத்தோடு ஒரு கலாநிதிப் பட்டம்



மேடையில் நிற்கும் நாங்கள் மூவரும் இக்கல்லூரியின் விஞ்ஞானப் பிரிவில் ஒன்றாகப் படித்தவர்கள். எங்களோடு நான்காவதாக ஒருத்தி இருந்தாள். நால்வரிலும் கெட்டிக்காரி அவள்தான். சிறப்புப் பட்டம் பெற்றபின் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டப் படிப்புக்கு அவளுக்கு அனுமதி கிடைத்தது. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டணத் தொகை இருந்தது. அதைப் பார்த்த தகப்பனார் ஒன்றும் பேசாமல் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அதன்பிறகு அவள் எங்கும் விண்ணப்பிக்கவில்லை.

அனுமதி வேறு, நிதி வேறு என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிந்தி அறிந்ததை இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

நோர்வே, சுவீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் கலாநிதி ஆய்வு என்பது பெரும்பாலும் ஓர் உத்தியோகம். பல்கலைக்கழகம் வெற்றிடத்தை விளம்பரம் செய்யும். தெரிவாகிறவருக்கு மாதச் சம்பளமும் விடுமுறையும் உண்டு. நோர்வேயில் வழக்கமாக 3 வருடம். கற்பித்தல் கடமையும் சேர்ந்தால் 4 வருடம். நோர்வேயின் வெற்றிடங்களை ஜொப்நோர்கே இணையத்தளத்திலும், நெதர்லாந்தினதை அகடமிக் ட்ரான்ஸ்ஃபரிலும், ஐரோப்பா முழுவதற்குமானவற்றை யூராக்செஸிலும் பார்க்கலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் கேட்பார்கள்.

அமெரிக்காவிலோ நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். விஞ்ஞான, பொறியியல் துறைகளில் சேர்கிறவர்களுக்குக் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பதவி கொடுத்து, கட்டணத்தையும் தாங்களே ஏற்பது அங்கு வழமை. ஓகஸ்ட், செப்டெம்பரில் தொடங்கும் படிப்புக்குப் பல இடங்களில் முந்திய டிசெம்பரிலேயே விண்ணப்ப முடிவுத் திகதி வந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் கட்ட வசதியில்லாவிட்டால் விலக்குக் கேட்டு எழுதுங்கள். பல பல்கலைக்கழகங்கள் கொடுக்கின்றன.

உள்ளூரையும் மறக்க வேண்டாம். தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவற்றின் நிதி பெற்ற பேராசிரியர்கள் ஆய்வு உதவியாளர்களைச் சேர்ப்பார்கள். அங்கே ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்தால், உங்கள் திறமையைக் கண்ணால் கண்ட ஒருவர் சிபாரிசுக் கடிதம் தருவார். வெறும் புள்ளிப் பட்டியலைவிட அதற்குப் பெறுமதி கூட.

பேராசிரியருக்கு எழுதும்போது ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது வாசித்து, அதில் எந்தக் கேள்வி உங்களை ஈர்த்தது, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். பதவி எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

உலகெங்கும் வாழும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரித் தங்கை ஒருத்தி எழுதினால் பதில் போடுங்கள். அவளுடைய விண்ணப்பத்தை ஒருமுறை வாசித்துத் திருத்திக் கொடுங்கள். எங்கள் தோழிக்கு அன்று அப்படி ஒருவர்கூட இருக்கவில்லை.

தங்கைமாரே, கட்டணத் தொகையைக் கண்டதும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். முதலில் எங்களைக் கேளுங்கள்.