ஒளிப்படமும் ஓவியத் தோற்றமும்



ஒளிப்படம் எடுக்கும் கருவி இன்று பலருடைய சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்த படத்தைப் பென்சில் ஓவியமாகவும், சுவரொட்டியாகவும், பழங்காலத்துப் பழுப்பு நிறப் படமாகவும் மாற்றிக் காட்டும் மென்பொருள்களும் உடன் வந்துவிட்டன. விரலால் ஒருமுறை தொட்டால் போதும், தோற்றம் மாறிவிடுகிறது. ஆனால், அது எவ்வாறு மாறியது என்று கேட்பவர் சிலரே. அந்த வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படையை மனத்தில் கொள்ளுங்கள். நாம் படம் என்று காண்பது கணிப்பொறிக்கு எண்களின் அட்டவணையே ஆகும். 1957ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் தர நிர்ணய நிலையத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், தம் மூன்று மாதக் குழந்தையின் ஒளிப்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். நீளத்தில் 176 புள்ளிகள், அகலத்தில் 176 புள்ளிகள். ஆக 30,976 புள்ளிகளில் அக்குழந்தையின் முகம் அடங்கிற்று. இன்றைய படங்களில் புள்ளிகள் பல இலட்சம், முறை அதுவேதான். கறுப்பு வெள்ளைப் படமாயின் ஒவ்வொரு புள்ளிக்கும் பெரும்பாலும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. வண்ணப் படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள். இந்த எண்களின்மீது செய்யும் கணக்கே நாம் வியந்து காணும் தோற்றங்கள் யாவும்.

இத்தகைய மென்பொருள்களுள் பெயர் பெற்றது போட்டோஷாப். தாமஸ் நோல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1987இல் எழுதத் தொடங்கிய நிரல் அது. அவருடைய தமையனார் அல்லர், உடன்பிறந்த ஜான் நோலும் துணை நின்றார் என்று சொல்வதே பொருந்தும். 1990இல் அடோபி நிறுவனம் அதனை வெளியிட்டது. விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர்க்குக் கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதனை 1995இல் தொடங்கியவர்களும் கலிபோர்னியாவில் பயின்ற இரு மாணவர்களே.

இனி, ஒளிப்படத்தைப் பென்சில் ஓவியமாக்கும் முறையைக் காண்போம். முதலில் படத்தின் வண்ணத்தை நீக்குக. அதன்மேல் அதே படத்தின் பிரதியை இரண்டாம் அடுக்காக வைக்க. மேலடுக்கைத் தலைகீழாக்குக, அதாவது கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறட்டும். பின்னர் அம்மேலடுக்கை மங்கலாக்குக. இறுதியில் இரண்டு அடுக்குகளும் கலக்கும் முறையாக 'டாட்ஜ்' என்பதைத் தெரிந்தெடுக்க. முகம் மறைந்து, வெண்தாளில் பென்சிலால் வரைந்த கோடுகள் போன்ற தோற்றம் எழும்.

இதில் நிகழ்ந்தது என்ன? மங்கலாக்குதல் என்பது, ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தின் சராசரியாக மாற்றுதல். 'டாட்ஜ்' என்பது இருட்டறையில் படம் அச்சிட்டோர் வழங்கிய சொல். தாளின் ஒரு பகுதியில் ஒளி விழாமல் அட்டையால் மறைத்தால் அப்பகுதி வெளுத்து நிற்கும், அச்செயலுக்கே அப்பெயர். மென்பொருளில் அது ஒரு வகுத்தல் கணக்கு. மேற்கூறிய வரிசையில் செய்யும்போது, ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் அதன் சுற்றுப்புறச் சராசரியால் வகுத்து, 255ஆல் பெருக்கியதற்கு ஒப்பாகிறது. புள்ளியின் எண் 100, சராசரியும் 100 எனின், ஈவு 1. விடை 255, அதாவது வெள்ளை. புள்ளியின் எண் 60, சராசரி 120 எனின், ஈவு அரை. விடை ஏறத்தாழ 128, அதாவது சாம்பல் நிறக் கோடு. விடை 255ஐக் கடந்தால் 255 என்றே கொள்ளப்படும்.

ஆகவே, மாற்றமில்லாத பரப்பெல்லாம் வெண்தாளாகிறது. சுற்றுப்புறத்தைவிட இருண்ட இடம் மட்டுமே கோடாக நிற்கிறது. கன்னம் கரியதாயினும் வெளியதாயினும் இக்கணக்குக்கு ஒன்றே. விழியின் ஓரமும், மூக்கின் நிழலும், இதழ்களின் இடைவெளியுமே எஞ்சுகின்றன. மங்கலாக்கும் அளவைக் குறைத்தால் மெல்லிய கோடுகள் கிடைக்கும். கூட்டினால் கோடு தடித்து நிழலும் தோன்றும். எந்த அளவு வேண்டும் என்பதை மென்பொருள் சொல்லாது. அதனை முடிவு செய்பவர் நீங்களே.

சுவரொட்டித் தோற்றம் இதனினும் எளிது. 256 படிகளாக இருந்த ஒளியை நான்கே படிகளாகச் சுருக்கினால், 0, 85, 170, 255 என்ற எண்கள் மட்டும் எஞ்சும். ஒவ்வொரு படிக்கும் நாம் விரும்பும் வண்ணத்தை இட்டால் சுவரொட்டி ஆயிற்று. 2008ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது பாரக் ஒபாமாவின் முகத்தைச் சிவப்பு, நீலம், வெளிர்மஞ்சள் வண்ணங்களில் காட்டிய ஷெப்பர்டு ஃபேரியின் சுவரொட்டி உலகெங்கும் அறியப்பட்டது. அதற்கு அடிப்படையாக இருந்ததோ, 2006இல் அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட ஓர் ஒளிப்படம். இசைவு பெறாமல் அது பயன்படுத்தப்பட்டதால் வழக்கு எழுந்து, 2011இல் இரு தரப்பினரும் உடன்பாட்டுக்கு வந்தனர். தோற்றத்தை மாற்றிவிட்டதனாலேயே பிறருடைய படம் நம்முடையதாகிவிடாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதுகாறும் கூறியவற்றில் ஓர் உண்மை பொதுவாக நிற்கிறது. ஒவ்வொரு தோற்றமும் படத்திலிருந்து எதையோ நீக்குகிறது. பென்சில் ஓவியம் பரப்பை நீக்குகிறது. சுவரொட்டி மென்மையான படிகளை நீக்குகிறது. நீக்குவதால் அழகு பிறக்கிறது என்பது மெய்யே. எனினும், நீக்கவோ சேர்க்கவோ கூடாததைத் தொட்டால் அழகின் பெயரால் தீங்கும் விளையலாம்.

1994ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஓ. ஜே. சிம்ப்சன் என்ற கறுப்பின விளையாட்டு வீரர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டார். காவல் துறையினர் எடுத்த அவருடைய ஒளிப்படத்தை 'டைம்' இதழ் தன் அட்டையில் வெளியிட்டது. ஆனால், ஓவியர் ஒருவர் அதனை மாற்றியமைத்து, முகத்தை இருளச் செய்திருந்தார். அதே வாரத்தில் 'நியூஸ்வீக்' இதழ் அப்படத்தையே மாற்றாமல் வெளியிட்டது. கடைகளில் இரண்டும் அருகருகே இருந்தன. வேறுபாடு யாவர் கண்ணிலும் பட்டது. விசாரணை தொடங்கும் முன்பே ஒரு மனிதரை அச்சந்தரும் தோற்றத்தில் காட்டலாமா, கரிய நிறத்தைக் குற்றத்தின் அடையாளமாக்கலாமா என்று கண்டனம் எழுந்தது. கலைத்தோற்றம் கருதியே செய்ததாக இதழாசிரியர் விளக்கம் எழுத நேர்ந்தது. எண்களின் கணக்கில் அது சிறிய மாற்றமே. பார்த்தவர் உள்ளத்தில் அதன் விளைவு சிறியதாக இல்லை.

நம் கைகளில் உள்ள கருவிகள் இதற்கு மறுதலையான பிழையைச் செய்கின்றன. முகத்தை அழகாக்குவதாகச் சொல்லி, கேளாமலே நிறத்தை வெளுக்கச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. இருளச் செய்தது ஒருவரைக் குற்றவாளி போலக் காட்டியது. வெளுக்கச் செய்வது, உள்ள நிறம் ஒரு குறை என்று இளம் உள்ளங்களுக்குக் கற்பிக்கிறது. இரண்டிலும் மாற்றுவோர் நிறத்துக்கு ஒரு மதிப்பை இட்டுவிடுகின்றனர். அத்தகைய தோற்றம் உங்கள் படத்தில் தானாக வந்து அமர்ந்தால், அதனை நீக்கும் வழியைத் தேடி அறிந்துகொள்ளுங்கள்.

பயில விரும்பும் மாணவர்க்கு மூன்று கருத்துகளைக் கூறி முடிக்கிறேன். முதலாவது, மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள்; பிரதியின்மீதே கை வையுங்கள். இரண்டாவது, பிறர் எடுத்த படமாயின் இசைவு கேளுங்கள். பிறருடைய முகமாயின் அவரிடமும் கேளுங்கள். மூன்றாவது, செய்தியாகவோ சான்றாகவோ வழங்கும் படத்தில் ஓவியத் தோற்றம் வேண்டா. ஓவியமாக வழங்குவதாயின், இது மாற்றப்பட்டது என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.

இன்று மாலையே உங்கள் வீட்டுத் திண்ணையையோ, பள்ளி மரத்தையோ படம் எடுத்து, நான் கூறிய பென்சில் ஓவியத்தைச் செய்து பாருங்கள். மங்கலாக்கும் அளவை மும்முறை மாற்றி, மூன்று படங்களையும் அருகருகே வையுங்கள். ஒவ்வொன்றிலும் எது மறைந்தது, எது எஞ்சியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் கலையைப் பயில்வதற்கும் உள்ள வேறுபாடு அத்தாளில் உங்களுக்கே விளங்கும்.