கடித வெள்ளத்தில் ஒரு புதியவர்



ஆர்வலர் மன்றம் ஒன்றில் புதிதாகச் சேரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் கடிதங்கள் வந்து குவிகின்றன. எந்த வாதம் எங்கே தொடங்கியது என்பது அவருக்கு விளங்கவில்லை. சில நாள் திகைத்துப் பின் சொல்லாமலே விலகிவிடுகிறார். இழப்பு அவருக்கு மட்டுமா? அவர் சொல்லியிருக்கக்கூடியதை மன்றமும் அன்றோ இழக்கிறது!

இவ்விழப்பைத் தவிர்க்க வழிகண்டவர் ஹென்றி ஓல்டன்பர்க். இவர் 1662இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர்களுள் ஒருவரானார். ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தன. வந்தவற்றை வந்தபடியே அவர் பிறர்முன் கொட்டிவிடவில்லை. வகைப்படுத்தினார், கூட்டத்தில் படித்தார், 1665 மார்ச்சில், அவற்றின் சாரத்தை அச்சிட்டுத் தர ஓர் இதழையும் தொடங்கினார்.

1673இல் லேவன்ஹூக் என்னும் துணி வணிகரை அச்சபைக்கு அறிமுகப்படுத்தி, டி கிராஃப் என்ற மருத்துவர் டெல்ஃப்ட் நகரிலிருந்து எழுதினார். லேவன்ஹூக்குக்கு டச்சு மொழியன்றி லத்தீன் தெரியாது. கல்லூரிப் படிப்பும் இல்லை. ஓல்டன்பர்க் அவருடைய கடிதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தொடர்ந்து எழுதவும் ஊக்கினார். நீரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி 1676இல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. மறு ஆண்டு ராபர்ட் ஹூக் சோதித்து, அது உண்மையே என்று காட்டினார். 1680இல் அவ்வணிகர் சபையின் உறுப்பினரானார். 1723இல் மறையும்வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இன்று கணிப்பொறி வழியே ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் பரிமாறும் மன்றங்கள் உள்ளன. அங்கே புகும் புதியவர்களுக்கு ஒரு சொல்: எல்லாவற்றையும் படித்தாக வேண்டும் என்று மருளாதீர்கள். உங்களுக்கு உகந்த ஒரு பொருளை மட்டும் பின்பற்றுங்கள். ஓரிரு மாதம் கேட்டிருந்துவிட்டுப் பேசுங்கள். ஐயம் எழுந்தால், பழகிய ஒருவரைத் தனியே கேளுங்கள்.

மூத்தவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. நடந்த வாதத்தின் சாரத்தை அவ்வப்போது சுருக்கி எழுதுங்கள். புதியவரின் முதற் கடிதத்துக்கு மறுமொழி தாருங்கள். அதன் நடை திருந்தாதிருக்கலாம். அதனாலேயே அதை ஒதுக்கிவிடாதீர்கள். டெல்ஃப்ட் வணிகரின் முதற் கடிதத்தை ஒதுக்கியிருந்தால், உலகம் எதை இழந்திருக்கும் என்பதை நினைவிற் கொள்வோமாக.