எஞ்சினை இறக்குமுன்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் உருவான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் பேணி ஓட்டுவோர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. கிளச் மிதியை முழுவதும் அழுத்திச் சற்றுப் பொறுத்தும், ரிவர்ஸ் கியர் கறகறவென்று அரைபடுகிறது. உடனே, கிளச் தட்டு போய்விட்டது என்று தீர்ப்பளித்து விடுவர். அத்தீர்ப்பை ஏற்றால் எஞ்சினையே வெளியே தூக்கவேண்டும். இக்காரில் கிளச்சை அடைய வேறு வழி இல்லை.

நாமும் ஒருமுறை அவ்வாறு தூக்கினோம். தட்டு நன்றாகவே இருந்தது. குற்றம் எங்கே? மிதியையும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டையும் இணைக்கும் சிறிய பின் தேய்ந்து, அதன் துளை முட்டை வடிவாகியிருந்தது. மிதி இறங்கும் தொலைவில் ஒரு பகுதி அந்த இடைவெளியிலேயே வீணாயிற்று. விரல் நுனியளவுப் பொருளுக்காக இரண்டு நாள் உழைப்பு!

அன்று நாம் செய்யத் தவறியது ஓர் எளிய அளவீடு. மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய் வழியே கீழே சென்று, கியர்ப் பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைத் தள்ளுகிறது. எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் மிதியை அழுத்த மற்றவர் அத்தண்டைக் கவனிக்க வேண்டும். அது ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டர் நகர்ந்தால் திரவப் பகுதி குற்றமற்றது. தட்டையோ கார்பன் பேரிங்கையோ ஐயுறலாம். குறைவாக நகர்ந்தால் எஞ்சினைத் தொடாதீர்கள்.

அப்பொழுது முதலில் அந்தப் பின்னைப் பாருங்கள். மிதி பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்திய கால் மெல்ல மெல்லத் தாழ்ந்தால் சிலிண்டரின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். மிதியின் கீழுள்ள விரிப்பையும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையையும் விலக்கி ஈரம் உண்டா என்று காண்க. மிதி கல்லாக நின்று தண்டும் அசையாவிடில், வளையும் ரப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி வழியை அடைத்திருக்கலாம். வெளித்தோற்றம் புதிதுபோலவே இருக்கும், நம்பவேண்டாம்.

காற்றை நீக்குவதில் பலர் பொறுமை இழப்பர். காற்று மேல்நோக்கிச் செல்வது; நாமோ அதைக் கீழ்நோக்கித் துரத்துகிறோம். புதிய எண்ணெய்க் குப்பி ஒன்றைக் கொண்டு ஸ்லேவ் சிலிண்டரின் திருகு வழியே பிரேக் திரவத்தைக் கீழிருந்து மேலே செலுத்தினால் வேலை எளிதாகும். மேற்கலத்தில் முன்னதாகவே சிறிது இடம் விடவேண்டும். வழிந்த திரவம் வண்ணப்பூச்சை உரித்துவிடும். சிந்தினால் துடைத்துக்கொண்டிராமல், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.