சான்று இல்லையா, தேடப்படவில்லையா?

(கோட்டுகாலில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மொழிபெயர்ப்புப் பணியில் நான் மீண்டும் மீண்டும் எதிர்கொண்ட தொடர் ஒன்று உண்டு: 'போதிய அறிவியல் சான்று இல்லை.' சுற்றுச்சூழல் மாசினால் மக்கள் நோயுறும்போதெல்லாம் ஆலை முதலாளிகளும் அதிகாரிகளும் கூறும் விடை இதுவே. அந்தச் சான்று ஏன் இல்லை என்பதே நமது வினா.

நாம் கூடியிருக்கும் கோட்டுகால் கேரளத்தின் தென்கோடியில் உள்ளது. வடகோடியான காசர்கோட்டில், கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில் 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை எண்டோசல்ஃபான் ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. தம்மிடம் வரும் நோயாளிகளிடையே காணப்பட்ட அசாதாரண நோய்களைப் பத்ரே சிற்றூரின் மருத்துவர் மோகன குமார் கவனித்துக் குரல் எழுப்பினார். ஆயினும் தனி மருத்துவர் ஒருவரின் குறிப்பு மட்டும் சான்றாகிவிடாது, ஒப்பீடு வேண்டும்.

தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பின்னரே, 2001இல் அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அந்த ஒப்பீட்டை மேற்கொண்டது. தெளிப்புக்கு உள்ளான சிற்றூரின் 117 சிறுவர்களும், உள்ளாகாத சிற்றூரின் 90 சிறுவர்களும் ஆராயப்பட்டனர். முதற்குழுவில் 78 விழுக்காட்டினரின் இரத்தத்திலும், மற்றதில் 29 விழுக்காட்டினரின் இரத்தத்திலும் நஞ்சு காணப்பட்டது. முதற்குழுச் சிறுவர்களின் பருவ வளர்ச்சி தாமதமாகியிருந்ததும் புலப்பட்டது. 2003இல் இம்முடிவுகள் வெளியாயின.

இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில், 2011 மே 13 அன்று உச்சநீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. மக்கள் போராட்டமும் அறிவியலும் கைகோத்ததன் பயன் இது.

ஆனால் இருபதாண்டுகள் வீணாயின. இரத்த மாதிரி, கிணற்றுநீர்ச் சோதனை, ஒப்பீட்டுக்கு இன்னொரு சிற்றூர்: இவற்றுக்கான சிறு தொகை 1980களிலேயே ஓர் இளம் ஆய்வாளரின் கையில் இருந்திருந்தால்? பெருநிதி கோருவோரிடம் முதற்கட்டத் தரவு கேட்கப்படுகிறது. தரவு திரட்டவோ பணமில்லை. இந்தச் சுழலை உடைப்பதே தொடக்க நிதி.

ஒன்றிய அரசோ நேர்மாறாக நடக்கிறது. ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.64 விழுக்காடே. 2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசு சாராத வழிகளில் வரவேண்டுமாம். பூச்சிக்கொல்லி முதலாளி, தன் சரக்கின் தீங்கைத் தேடும் ஆய்வுக்குப் பணம் தருவாரா?

ஆகவே, இளம் ஆய்வாளர்க்குப் பொதுப்பணத்திலிருந்து தொடக்க நிதி வேண்டும். முடிவு எதுவாயினும் அதை வெளியிடும் உரிமை வேண்டும். நம் ஐயத்துக்கு மாறாக அமைந்தாலும் ஏற்கும் நேர்மை நமக்கும் வேண்டும். அதேவேளை, ஆய்வு முடியட்டும் என்று கூறி நிவாரணத்தைத் தள்ளிப்போடுவதையும் அனுமதிக்கலாகாது. நோயுற்றவர் காத்திருக்கவியலாது, தோழர்களே!