பழைய வீட்டுக்கு ஒரு வருமானம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நம்ம நாஞ்சில் நாட்டில் நாலுகெட்டு வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. பாகப் பிரிவினை முடிந்த கையோடு ஓட்டையும் தேக்கு உத்தரத்தையும் விலை பேசிவிடுகிறோம். பத்மநாபபுரம் அரண்மனையைக் கவனிக்கக் கேரளத் தொல்லியல் துறை இருக்கிறது. நம்ம தாத்தா வீட்டை யாரு கவனிப்பா?

இதற்கு ஒரு வழியை ஃபோர்ட் கொச்சியில் பார்த்தேன். 1503-இல் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டி, 1663-இல் டச்சுக்காரர் கைக்கும் 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் போன ஊர் அது. அங்கே பல குடும்பங்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகின்றன. வேலை விஷயமாகப் போன நான் அப்படியொரு வீட்டில் நான்கு நாள் தங்கினேன். காலையில் புட்டும் கடலையும் ரெடி. "கழிச்சிட்டுப் போ மோனே" என்று அந்த அம்மா விடமாட்டார்.

சுவர் வெட்டுக்கல், பூச்சு சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் பூச்சு பெயர்ந்து, கல்லும் அரிக்கும். அதைத் தெரிந்து பராமரிக்கிறார்கள். செலவுக்கு அறை வாடகை கைகொடுக்கிறது.

மொராக்கோவில் ஃபெஸ், மராகேஷ் ஆகிய பழைய நகரங்களிலும் நடுமுற்றம் வைத்த 'ரியாத்' வீடுகள் பல இப்படி விடுதிகளாகியிருக்கின்றன. ஆனால் மராகேஷில் நிறைய வீடுகளை வெளிநாட்டார் வாங்கி நடத்துகிறார்கள். வீடு நிற்கிறது, பழைய குடும்பம் அங்கே இல்லை. நமக்கு அது வேண்டாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்குமிடத் திட்டத்தில் 6 அறை வரைதான் அனுமதி; வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். நல்ல விதி. இதற்கு முத்ரா கடன் தருவதாக 2025 பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள்.

எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. அறையோடு கழிவறை வைக்க இடம் வேணும், வருகிறவரைக் கவனிக்க வீட்டில் ஆள் வேணும்.

சிவில் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த விடுமுறையில் உங்க ஊரில் ஒரு பழைய வீட்டை அளந்து வரைபடம் போடுங்க. எந்த உத்தரம் செல்லரித்தது, எது இன்னும் தாங்கும், பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று பார்க்க நாங்களும் கூட வருகிறோம். மர வியாபாரி வருவதற்கு முன்னால் அந்தக் கணக்கு வீட்டுக்காரர் கையில் இருக்கணும். பிறகு இடிப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும்.